சுங்கத்துக்குத் தபால் எழுதுவது

வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுங்கத்துக்கு,

உன் தபால் எழுதிக்கொள்வது. நான் நலம். நம் தபால் கூடத்தில் எல்லோரும் நலம். உன் நலத்தை உன் மகன் எழுதித் தெரிந்துகொண்டேன். வலது கை விரல்களை மடக்க வருகிறதாம், பேச்சு போன மாதத்தைவிடத் தெளிவாம், கோபம் மட்டும் பழையபடியே இருக்கிறதாம். அந்தக் கடைசிச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்தக் கடிதத்தை அவன்தான் உனக்கு வாசித்துக் காட்டுவான் என்பதால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் விளக்கி எழுதப்போகிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று அவன்மேல் எரிந்து விழாதே. அம்மா எங்கோ சுங்கத்தில் வேலை பார்த்தாள் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு நம் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நீயும் விட்டதில்லை. வீட்டுக்குப் போனால் வேலையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாயே.

தம்பி, இந்தப் பத்தி உனக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் தபால் பைகள் முதலில் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். பையை அவிழ்ப்பது தபால்துறை. உள்ளே இருப்பது நாட்டுக்குள் வரலாமா, வரி உண்டா என்று சொல்வது சுங்கத்துறை. பொட்டலத்தைப் பிரிப்பது என் கை, பார்ப்பது உன் அம்மாவின் கண், மறுபடி மூடி ஒட்டுவது என் கை. சுங்கம் தானாகப் பிரிக்கக் கூடாது, தபால் தானாக வெளியே விடக் கூடாது. ஒருவர் தலையசைக்காமல் இன்னொருவர் ஒரு ஜோடிக் காலுறையைக்கூட நகர்த்த முடியாது. கட்டின புருஷனோடுகூட இவர்கள் இவ்வளவு ஒட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று கூடத்தில் கேலி பேசுவார்கள். நாளடைவில் எங்கள் பெயர்களையே எல்லோரும் மறந்துபோய், என்னைத் ‘தபால்’ என்றும் அவளைச் ‘சுங்கம்’ என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. நான் சேர்ந்த புதிதில் நடுவே ஒரு சுவர் இருந்தது, சுவரில் ஒரு சன்னல். இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் பொட்டலத்தைத் தள்ளுவோம், அந்தப் பக்கம் சுங்கத்தார் இழுத்துக்கொள்வார்கள். தாமதமானால் மக்கள் எங்களைத் திட்டுவார்கள். நாங்கள் சுங்கத்தைக் கைகாட்டுவோம், சுங்கம் எங்களைக் கைகாட்டும். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பொட்டலங்கள் சன்னலையே மூடும் அளவுக்குக் குவிந்துபோயின. அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த உன் அம்மா, தன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழையில் கட்டடத்தைச் சுற்றி நடந்து, எங்கள் கதவு வழியாக உள்ளே வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த நாற்காலியை என் மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். “சன்னல் வழியா இது தீராது. நீ பிரி, நான் பாக்கறேன்” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவளுடைய மேலதிகாரி சத்தம் போட்டார், என்னுடையவரும் போட்டார். குவியல் கரைந்ததும் இருவரும் அடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் சுவரை இடிக்க உத்தரவு வந்தது. உத்தரவில் உன் அம்மா பெயர் இல்லை. இடிக்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது மட்டும் அவள்தான்.

தம்பிக்கு இது போதும். இனி உனக்கு.

உன் நாற்காலியில் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். தற்காலிகம் என்றுதான் உத்தரவில் இருக்கிறது, நானே படித்தேன். துறைமுகத்திலிருந்து வந்தவர். வீட்டளவு இரும்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்துப் பழகியவருக்கு நம் பொட்டலங்களைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. முதல் நாள் ஒரு குழந்தைச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இவ்வளவுதானா?” என்றார். ஆள் கதவை நிறைக்கிற உயரம். நடந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆடுவார். குரலோ சங்கு ஊதின மாதிரி. மதியத்துக்குள் கூடத்துப் பிள்ளைகள் ‘கப்பல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உன் நாற்காலியின் உயரத்தை ஏற்றினார், பிடிக்கவில்லை. உயரம் போதாமல் மறுபடி ஏற்றினார், அதுவும் பிடிக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தெரிந்த விதியையும் ஒருதரம் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். வரிசை நீளும், நான் பல்லைக் கடிப்பேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருந்தேன். பொட்டலத்துக்குள் கடிதம் கிடந்தால் நீ எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்து ஓரமாக வைப்பாயே. சாமானைப் பார்க்கத்தான் நமக்கு அதிகாரம், அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க இல்லை என்பாய். இவர் என்ன செய்வாரோ என்று இருந்தேன். ஒருநாள் காலணிப் பெட்டி ஒன்றைப் பிரித்தபோது மேலாகவே ஒரு நீண்ட கடிதம் விரிந்து கிடந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அதை மடிச்சு வச்சுட்டுச் சொல்லுங்க” என்றார். நான் மடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

இனிப் பெரிய செய்தி.

போன வாரம், மகனோடு நீ இப்போது இருக்கும் நாட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. இப்போதெல்லாம் பொட்டலம் விமானம் ஏறுவதற்கு முன்பே அதன் விவரம் நம் திரைக்கு வந்துவிடுகிறதல்லவா. அங்கே தபால் கவுண்டரில் ஒருவர் தட்டுவது இங்கே சுங்கத்தின் கண்ணில் படுகிறது. ஆபத்தாகத் தோன்றினால் ஏற்றாதே என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். பொட்டலம் வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு காலை, கப்பல் திரையையே வெறித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இதைக் கொஞ்சம் படிங்க. எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?” என்றார். உயிருள்ள ராணித் தேனீக்கள் என்று இருந்தது.

உயிருள்ள பிராணிகளைத் தபாலில் அனுப்பக் கூடாது, ஆனால் தேனீக்கு விலக்கு உண்டு என்று புத்தகத்தில் படித்துவிட்டு நாம் இரண்டு பேரும் ஒருநாள் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. நீ போன பிறகு வருகிறது, பார்.

வருவது முன்கூட்டியே தெரிந்ததால் வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்தோம். பொட்டலத்தை வரவழைத்தவள் இறக்குமதிக்கு வாங்கியிருந்த அனுமதி சரியாக இருந்தது. கால்நடை மருத்துவ அம்மாவுக்குச் சொல்லிவிட்டோம். பொட்டலத்துக்கு உரியவளுக்குத் தகவல் கொடுத்தோம். கப்பல் சோதனை அறையில் குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பொட்டலம் வந்து சேரும்வரை.

பையை அவிழ்த்ததும் முதலில் சத்தம்தான் வெளியே வந்தது. ரீங்காரம் என்று எழுதினால் பாட்டு மாதிரி இருக்கும். இது தூரத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல இருந்தது. மோப்ப நாய் காதைச் சாய்த்துக்கொண்டு, முகரலாமா வேண்டாமா என்று தன் ஆளைத் திரும்பிப் பார்த்தது. புத்தக அளவில் ஒரு பெட்டி, பக்கங்களில் கம்பி வலை. உள்ளே தீப்பெட்டி போலச் சின்னச் சின்னக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ராணி, அதற்கு ஊட்டிவிட நாலைந்து தோழிகள், வழிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. பெட்டியின் மேல், நோயற்றவை என்ற சான்றிதழ் உறை ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், பசை அடையாளம் மட்டும் இருந்தது. உறை வழியில் எங்கோ பிய்ந்துபோயிருந்தது.

கப்பல் புத்தகத்தைப் பிரித்தார். “சான்றிதழ் இல்லாத உயிருக்கு ரெண்டு வழிதான். திருப்பி அனுப்பணும், இல்லன்னா அழிக்கணும்” என்றார். திருப்பி அனுப்பினால் வழியிலேயே செத்துப்போகுமே என்றேன். தெரியும் என்றார். சான்றிதழ் இருப்பதாக அனுப்பியவர்கள் விவரத்திலேயே எழுதியிருக்கிறார்களே என்றேன். “எழுதினா ஆச்சா? ஒண்ணு நோயோட வந்திருந்தா இங்க இருக்கிற தேனீ அத்தனையும் போயிடும். அப்ப யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?” என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இதற்குள் பொட்டலத்துக்கு உரியவள் வந்துவிட்டாள். நம் வயதுதான் இருக்கும், வெயிலில் கறுத்த கை, குட்டையாக வெட்டிய நகம். பழத் தோட்டங்களில் பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பது அவள் தொழில். ஒரு நோய் வந்து பாதிக்கு மேற்பட்ட பெட்டிகளில் ராணி போய்விட்டதாம். அந்த நோயைத் தாங்கும் இனம் நீ இருக்கும் நாட்டில்தான் வளர்க்கிறார்களாம். இவையும் இல்லையென்றால் மிச்சப் பெட்டிகளையும் விற்றுவிட்டுத் தங்கை கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளாகச் சொல்லவில்லை. சான்றிதழ் காணவில்லை என்றதும் அழவில்லை, கெஞ்சவில்லை, சண்டைக்கு வரவில்லை. “அதுங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பஞ்சை நனைத்து வலைமேல் ஒவ்வொரு சொட்டாக எப்படி விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

ராணி இல்லாத பெட்டி எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். “சத்தம் மாறிடும்மா. வேலை செய்யற சத்தம் போய், தேடற சத்தம் வந்துடும். நான் தினம் காலையில அதைக் கேட்டுட்டுத்தான் எழுந்திருக்கிறேன்” என்றாள்.

கப்பல் புத்தகத்தில் குனிந்திருந்தவர் தலையைத் தூக்கவில்லை. பக்கங்களைத் திருப்பினார், பின்னால் போனார், முன்னால் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மூணாவது வழி ஒண்ணு இருக்கு” என்றார். ஆவணம் வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் பொட்டலத்தை நிறுத்தி வைக்கலாமாம். காரணத்தைத் தபால் எழுத்தில் தர வேண்டும், சுங்கம் ஒப்ப வேண்டும். “நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். நான் இந்தப் பக்கம் விசாரிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் விசாரிங்க” என்றார்.

நான் அங்கிருக்கும் தபால் கூடத்துக்குச் செய்தி அனுப்பினேன். அவர் அங்கிருக்கும் சுங்கத்துக்கு அனுப்பினார். அவர் எழுதியதைப் பார்த்தேன். துறைமுகத்துப் பழக்கம் போலிருக்கிறது, ஒரு சொல் வீண் இல்லை, படிப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சந்தேகமே வராது. கடைசியில், சரக்கு உயிரோடு இருக்கிறது என்று மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார். விடைக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் பெட்டி தபாலின் காவலில், அதாவது என் மேஜைமேல். நான் எழுந்து போனபோதெல்லாம் கப்பல் அந்தப் பெரிய கையில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வலைமேல் சொட்டு விட்டார். நான் வருவதைப் பார்த்தால் பஞ்சைக் கீழே வைத்துவிடுவார்.

மறுநாள் காலை விடை வந்துவிட்டது. அங்கே பணியில் இருந்த யாரோ ஒருவர், கையெழுத்தில் பெயர்கூட இல்லை, பகல் பணி என்று மட்டும் போட்டிருந்தது, அந்தப் பை போன பாதை முழுவதும் நடந்து தேடியிருக்கிறார். பொட்டலங்கள் சறுக்கி இறங்கும் பலகையின் அடியில் உறை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தங்கள் சுங்கத்து மேஜைக்குப் போயிருக்கிறார். அந்தச் சுங்கம் அதை அரசு மருத்துவரிடம் காட்டி உறுதி வாங்கி, முத்திரையோடு நகலைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறது. அங்கேயும் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. அந்தப் பகல் பணிக்காரர் நீ இருக்கும் ஊரில்தான் எங்கோ வீடு வைத்திருப்பார். தெருவில் யாராவது அவசரமாக நடந்து போனால் எனக்காகக் கொஞ்சம் சிரித்து வை.

மருத்துவ அம்மா வந்தாள். சான்றிதழ் சரிதான், ஆனால் கூட வந்த தோழித் தேனீக்களைச் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும், ராணிகளைச் சுத்தமான புதுக் கூண்டுக்கு மாற்ற வேண்டும் என்றாள். பொட்டலத்துக்கு உரிய தேன்காரம்மா புதுக் கூண்டுகளும், தன் பெட்டியிலிருந்து புதுத் தோழிகளும் கொண்டுவந்திருந்தாள். சோதனை அறையில் மேஜையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். நான் பெட்டியைப் பிரித்தேன். இரண்டு ராணிகள் செத்திருந்தன. மற்றவற்றைத் தேன்காரம்மா ஒவ்வொன்றாக இறக்கையைப் பிடித்துத் தூக்கி மாற்றினாள். என் விரல்களுக்கு அந்த வேலை இந்த ஜன்மத்தில் வராது.

கடைசி ராணி, முதுகில் நீல மையால் பொட்டு வைத்தது, அவள் விரலிலிருந்து நழுவிப் பறந்துவிட்டது.

யோசித்துப் பார். சுங்கம் கடக்காத சரக்கு சோதனை அறைக்குள் பறந்துகொண்டிருக்கிறது. நம் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது. கப்பல் சங்குக் குரலில், “யாரும் கதவைத் திறக்காதீங்க” என்றார். அந்தக் குரலுக்கு வெளியே கூடம் முழுவதும் பொட்டலம் ஓடும் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். விளக்கை அணைங்க, சன்னல் வெளிச்சத்துக்கு வரும் என்று தேன்காரம்மா சொன்னாள். விளக்கும் காற்றாடியும் நின்றன. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. சன்னலில் மட்டும் வெளிச்சம். சன்னலோரம் நின்றிருந்தது கப்பல். ராணி நேராக வந்து அவர் தொப்பியில் உட்கார்ந்தது.

“ஐயா, அசையாதீங்க. மூச்சைக்கூட மெதுவா விடுங்க” என்றாள் தேன்காரம்மா. அவர் அசையவில்லை. ராணிக்குத் தொப்பி பிடிக்கவில்லை போலிருக்கிறது. விளிம்பைத் தாண்டி நெற்றிக்கு இறங்கியது. நெற்றியில் வேர்வை இருந்ததால் வழியை மாற்றிக்கொண்டு மூக்கின்மேல் வந்து நின்றது. கப்பல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்: “சரக்கு இன்னும் நம்ம கட்டுப்பாட்டுலதான் இருக்கு. குறிச்சுக்குங்க.”

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை உன்னிடம்தான் சொல்ல முடியும். மருத்துவ அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. தேன்காரம்மாதான் சிரிக்கவில்லை. இரண்டு விரலால் அந்தப் பெரிய மூக்கின் மேலிருந்து ராணியை எடுத்துக் கூண்டில் விட்டு, வாயை அடைத்தாள். விளக்கு எரிந்தது. பயந்துவிடுமோ என்று யாரும் கைதட்டவில்லை.

நான் பெட்டியை மூடி ஒட்டினேன், கப்பல் முத்திரை போட்டார். வாங்கிக்கொண்ட பிறகு தேன்காரம்மா அவரிடம் சொன்னாள்: “நேத்தே விட்டிருந்தா சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பேங்க. ஆனா பயந்துகிட்டேதான் பெட்டிக்குள்ள வச்சிருப்பேன். இப்ப பயமில்லை.” கப்பல் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் வேலை பார்க்கிற இடத்தை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டு ரொம்ப நாளாகிவிட்டது. முகம் தெரியாத எத்தனை பேர் கை மாறி, இத்தனை சின்ன உயிர் வந்து சேர்ந்திருக்கிறது.

அவள் போன பிறகு எதிரே பார்த்து “பாத்தியாடி” என்று வாயெடுத்துவிட்டேன். கப்பல் நிமிர்ந்து, “என்ன?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

விரல்களை மடக்கிப் பழகு. வலிக்கிறதென்று பாதியில் விடாதே. மருமகள் சொல்வதைக் கேள். தம்பி, வாசித்ததற்கு நன்றி, நீ நன்றாக இரு.

உன் எதிர் நாற்காலி,
தபால்.


வீடு,
வெள்ளிக்கிழமை, விடுமுறை.

அன்புள்ள சுங்கத்துக்கு,

மகனின் பதில் கிடைத்தது. ராணி மூக்கில் இறங்கிய இடத்தில் நீ வாய்விட்டுச் சிரித்தாயாம். அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாயாம். மூன்றாவது தடவை வாசித்தபோது அவன் நிறுத்திய இடத்தில் நீயே “கட்டுப்பாட்டுலதான் இருக்கு” என்று முழுதாகச் சொன்னாயாம். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு நீளமாக நீ சொன்னது அதுதான் முதல் தடவை என்று எழுதியிருக்கிறான். அந்த வரியைக் கப்பலிடம் காட்டினேன். படித்துவிட்டு, என் மூக்கு ஒரு வேலைக்காவது ஆச்சே என்றார். பிறகு ஏதோ பொட்டலம் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார். மேஜையில் பொட்டலம் எதுவும் இல்லை.

தேன்காரம்மா கூப்பிட்டிருந்தாள். போன விடுமுறைக்குக் கப்பலும் நானும் பேருந்து பிடித்துப் போனோம். ஒரு பெட்டி ராணியை ஏற்கவில்லை, தேனீக்களே கொன்றுவிட்டனவாம். அப்படியும் நடக்குமாம், அவள் வருத்தப்படவில்லை. மற்றப் பெட்டிகளில் முட்டை வைத்துவிட்டன. ஒரு தேனடைச் சட்டத்தை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினாள். அறைக்கு ஒன்றாக, நூல் துண்டு நறுக்கிப் போட்டது போல வெள்ளை முட்டைகள். நான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கப்பல் பெட்டியின்மேல் காதை வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தார். எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது, நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். தங்கை கடையில் உட்காரப்போவதில்லை என்று தேன்காரம்மா சொன்னாள். சொல்லும்போது முதன்முதலாகச் சிரித்தாள், முன்பல் ஒன்று இல்லை.

கப்பலைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டும். போகும்போது வழியில் உன்னைப் பற்றிக் கேட்டார். நீ எந்தப் பொட்டலத்தை எப்படிப் பார்ப்பாய், வரிசை நீண்டால் என்ன செய்வாய், மக்கள் கத்தினால் என்ன சொல்வாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும் இடம் தாண்டிப் போய்விட்டோம். திரும்பி நடந்து வந்தோம்.

உன் மகனின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அம்மாவின் மேஜை இழுப்பறையில் இருக்கும் சொந்தச் சாமான்களை அனுப்பி வைக்க முடியுமா, சித்தி என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம்தான் அலுவலகத்திலிருந்தும் உன் நாற்காலியைப் பற்றிப் புது உத்தரவு வந்தது. பழையதில் இருந்த ஒரு சொல் இதில் இல்லை. எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும்.

சாமான்களை எடுத்தேன். குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வை, கூடத்துக்குள் போடும் செருப்பு, காது உடைந்த கோப்பை, சீப்பு, நீ யாருக்கும் கொடுக்காத அந்த நல்ல பேனா. சால்வையை ஒருதரம் அலசிக் காயவைத்தேன். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, சீட்டில் ‘பயன்படுத்திய சொந்தப் பொருள்கள்’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. வெளியே போவதையும் சுங்கம் பார்க்க வேண்டுமே, எதிரே தள்ளினேன்.

கப்பல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அடியில் உன் மரப்பிடிக் கத்தி இருந்தது. பொட்டலத்தைப் பிரிப்பது என் கை என்றாலும் கத்தி எப்போதும் உன்னுடையதுதானே. நான் அதை அட்டை உறையில் போட்டு, துணி சுற்றி, நாடாவும் ஒட்டியிருந்தேன். அவர் அதை மட்டும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது போகாது” என்றார்.

ஏன் என்றேன்.

“கூரான பொருள்.”

“உறை போட்டுச் சுத்தியிருக்கேனே. இப்படி எத்தனையோ போயிருக்கு.”

“இது போகாது. உரியவங்க நேர்ல வந்துதான் வாங்கிக்கணும்” என்றார்.

எந்த விதி என்று கேட்க வாயைத் திறந்தேன். எதற்கெடுத்தாலும் புத்தகத்தைப் பிரிப்பவர் அன்று புத்தகத்தைத் தொடவே இல்லை. சுங்கம் நிறுத்தி வைக்கிறது, தபால் தரப்பில் ஆட்சேபம் உண்டா என்று முறைப்படி கேட்டார். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஆகவே மற்றச் சாமான்கள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. கத்தி இங்கே இருக்கிறது. இது தபாலும் சுங்கமும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால், கடிதம் போட்டு மாற்ற முடியாது. மகனை அனுப்பினாலும் கொடுக்க மாட்டோம். நாற்காலியைப் பற்றி நான் கேட்கவில்லை, வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. கோல் ஊன்றி வந்தாலும் சரி, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் வந்தாலும் சரி. இடது கையில் வாங்கிக்கொண்டாலும் விதியில் தடை இல்லை, பார்த்துவிட்டேன்.

நீயே வந்து வாங்கிக்கொள்.

வழி பார்த்திருக்கும்,
தபால்.